தழும்பும் மனநிறைவும்



வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, அடுப்பில் உலையை ஏற்றி வைத்து வானொலிக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களே, வாசற்படியில் காற்றாட உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் கசப்பானது. தோல் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட ஒருவர், வீடு திரும்பிய பிறகு மனநிறைவோடு இருக்கிறாரா, இல்லையா? அப்படி இருப்பதும் இல்லாததும் எதனால்? இதுதான் பொருள்.

"உயிர் பிழைத்ததே பெரிது, இதில் மனநிறைவு வேறு வேண்டிக்கிடக்கிறதா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் பெரியப்பாவின் மூக்குத்தான் எனக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது.

பெரியப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். மூக்கும் கன்னமும் சேருகிற இடத்தில் அவருக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. மிளகு அளவுதான் இருக்கும். முகம் கழுவும்போது இரத்தம் கசியும். பிறகு பொருக்குக் கட்டும். பொருக்கு உதிர்ந்தால் மறுபடியும் கசியும். மரு என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவினார். ஏறக்குறைய ஓராண்டு இப்படியே போயிற்று. கடைசியில் கிளினிக்கில் காட்டி, அவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே கடுகளவு சதையை எடுத்துப் பரிசோதித்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். தோலின் அடி வரிசை உயிரணுக்களில் தொடங்குகிற புற்று அது. உலகத்தில் தோல் புற்றுகளிலேயே மிக அதிகமாகக் காணப்படுவது இந்த வகைதான். இது உயிரை எடுப்பது அரிது. ஆனால் விட்டால், இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும். மூக்கில் இருந்தால் மூக்கை, இமையில் இருந்தால் இமையை.

முதல் அறுவை 2016இல் நடந்தது. நான் அன்று பள்ளியில் இருந்தேன். சித்தப்பா மகன்தான் உடன் போனான். டாக்டர் மலாயில் விளக்கிவிட்டு "பாஹாம்?" என்று கேட்டாராம். பெரியப்பாவும் "பாஹாம்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அரை மணி நேர வேலை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்த அன்று நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாப்பா, மொளகத்தான எடுக்கச் சொன்னேன். இப்படி மொழம் நீளத்துக்குக் கிழிச்சிட்டாங்களே! ஏதோ தெரியாத பிள்ளையக் கையில கத்தியக் கொடுத்து விட்டுட்டாங்க" என்றார். நான் என்ன சமாதானம் சொல்லியும் ஏறவில்லை. கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். கோயிலுக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிக் கொடுத்த அட்டை பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

அந்த அட்டையில்தான் விஷயமே இருந்தது. வெட்டிய சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கத்து விளிம்பில் புற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு வந்திருக்கிறது. மருத்துவமனையும் சும்மா இருக்கவில்லை, கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது பழைய லயத்து முகவரி. அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் வேறிடத்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டாகியிருந்தது. கடிதம் யார் வீட்டுக்குப் போயிற்றோ, தெரியாது. 2018இல் அதே இடத்தில் மறுபடி புண் வந்தது. இந்த முறை மூக்குமடலுக்கும் ஏறியிருந்தது.

நேயர்களே, முதலில் அந்தத் தழும்பின் நீளத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெரியப்பாவின் கோபத்துக்கு அதுதான் மூலம். ஆனால் அது டாக்டரின் பிழையே அல்ல.

வீட்டில் பழைய துணி ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பத்துக் காசு அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டுங்கள். அந்த ஓட்டையை நேர்க்கோடாகத் தைத்து மூடிப் பாருங்கள். இரண்டு முனையிலும் துணி கூம்பிக்கொண்டு குமிழ்போலத் தூக்கி நிற்கும். தையல் தெரிந்த தாய்மார்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு பக்கமும் கூராக வெட்டி, ஓட்டையைக் கண் வடிவத்துக்கு நீட்டிக்கொண்டு பிறகு தைப்பீர்கள். அப்போது துணி படிந்து உட்காரும். தோலும் அப்படித்தான். படிந்து உட்கார வேண்டுமானால், அகலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் வெட்ட வேண்டும்.

இனி கணக்குப் போடுவோம். புள்ளி 5 மில்லிமீட்டர். புற்றின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கலாம் என்பதால், இத்தகைய சிறிய புற்றுக்குச் சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4, நடுவில் 5, ஆக 13. அதை மூன்றால் பெருக்கினால் 39 மில்லிமீட்டர். நான் பள்ளி அளவுகோலை எடுத்துப் போய்ப் பெரியப்பாவின் தழும்பை அளந்து பார்த்தேன். 4 சென்டிமீட்டர் இருந்தது. மூக்கோரத்து மடிப்பிலேயே மறையும்படி கோட்டைப் பார்த்து வெட்டியிருந்தார் அந்த டாக்டர். கைதேர்ந்த வேலை! ஆனால் அதை மனிதரிடம் முன்கூட்டிச் சொல்லி, விரலால் கன்னத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அல்லது நாங்களாவது கேட்டிருக்க வேண்டும்.

தழும்பு ஆறுகிற விதமும் அப்படித்தான். தையல் பிரித்த அன்று பார்க்கிற தழும்பு கடைசித் தழும்பு அல்ல. முதல் இரண்டு மூன்று மாதம் அது கறுத்தோ சிவந்தோ, தடித்து, தொட்டால் கட்டியாக இருக்கும். பிறகு மெல்ல மெல்ல இளகி வெளிறும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சிறிது காலம் மரத்துப் போயிருக்கும். எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். மூக்கருகே வெட்டினால் மறுநாள் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுத்துவிடும். பார்க்கிறவர்கள் "யாரிடம் அடி வாங்கினீர்கள்?" என்று கேட்கிற அளவுக்கு இருக்கும், சில நாளில் தானாக வடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்தவருக்கு இது ஆறுகிற வழி. தெரியாதவருக்கோ, ஒவ்வொரு நாளும் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்கிற கலக்கம். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களில் சிலருக்குத் தழும்பு அளவு மீறித் தடித்து வளர்வதும் உண்டு. நெஞ்சு, தோள்பட்டை, காதுமடல் ஆகிய இடங்களில் அது அதிகம். முன்பு காது குத்திய இடமோ வெட்டுக்காயமோ அப்படி வளர்ந்திருந்தால், அறுவைக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த மனநிறைவை மருத்துவ உலகம் இப்போது அளந்தே பார்க்கிறது. நியூயார்க் நகரத்தின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து, முகத்தில் தோல் புற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கென்றே 'ஃபேஸ்-கியூ' என்ற கேள்வித் தொகுப்பை உருவாக்கி 2018இல் வெளியிட்டார்கள். முகத்தோற்றம் எப்படி இருக்கிறது, தழும்பு எவ்வளவு உறுத்துகிறது, புற்று திரும்பி வருமோ என்ற கவலை எவ்வளவு, நாலு பேர் நடுவில் போகக் கூச்சமாக இருக்கிறதா என்றெல்லாம் அதில் தனித்தனியாகக் கேள்விகள். தழும்பை டாக்டர் பார்த்து "நன்றாக ஆறியிருக்கிறது" என்று எழுதுவது ஒன்று. அந்த முகத்தைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவர் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா தூணுக்குப் பின்னால் நின்றதைக்கூட அந்தக் கேள்வித்தாள் கண்டுபிடித்திருக்கும்.

அதற்கு முன்பே, 2009இல், சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். தோல் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களை உடனேயும் ஓராண்டு கழித்தும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பே மனம் தெளிவாக இருந்தவர்கள்தாம் சிகிச்சைக்குப் பின்பும் அதிக நிறைவோடு இருந்தார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. கலங்கிய மனத்தோடு மேசையில் படுத்தவர், எழும்போதும் கலங்கியே எழுந்திருக்கிறார். எனக்கு இது வியப்பாக இல்லை. தேர்வு அறைக்குள் அழுதுகொண்டே போகிற பிள்ளை, நல்ல மதிப்பெண் வாங்கினாலும் தேர்வைப் பற்றி நல்லபடியாகச் சொல்வதில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 'மோஸ்' என்னும் முறையில் அறுவை செய்துகொண்டவர்களிடம் மனநிறைவு அதிகமாக இருந்தது. ஃபிரெடெரிக் மோஸ் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1930களில் மாணவராக இருந்தபோது தொடங்கி, 1941இல் வெளியிட்ட முறை அது. சாதாரணமாக, வெட்டிய சதையை ஆய்வுக்கூடத்தில் ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் அங்கங்கே துண்டு போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு துண்டுக்கு நடுவில் இருப்பது கண்ணில் படாமல் போகலாம். மோஸ் முறையில் தட்டுபோல் மெல்லியதாக எடுத்து, அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் முழுதாக அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி எடுப்பார்கள். முடிவு தெரிந்த பிறகே தையல். இதற்கென்று பயின்றவர்களும் ஆய்வுக்கூடமும் பக்கத்திலேயே வேண்டும். எல்லா ஊர் மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடியது அல்ல. ஆனால் அங்கே நோயாளி "எல்லாம் எடுத்தாயிற்றா?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். நமக்கு அந்தப் பதில் ஆறு வாரம் கழித்து, ஓர் அட்டையின் பின்னால் வருகிறது. அட்டையைப் பத்திரப்படுத்துவது நம் வேலையாகிவிடுகிறது.

"டீச்சர், இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் அல்லவா?" என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆஸ்திரேலியாவில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்று வந்துவிடுகிறது. நம் தோலின் கறுப்பு ஒரு குடை மாதிரி; வெயிலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் குடைக்கு அப்பாலும் சில இடங்கள் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. மெலனோமா என்கிற பொல்லாத வகை நம்மைப் போன்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் அது வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் எண்ணினார்கள். விரலையே எடுக்கச் சொன்னபோது அவர் இணங்கவில்லை. நகத்தையும் சதையையும் மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். 1981இல், 36 வயதில், இறந்துபோனார்.

இன்னொன்று, பழைய தீக்காயத் தழும்பு. சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டியோ மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தோ வெந்த தோல், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாள் வெடித்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆறவே ஆறாது. "பழைய புண்தானே" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருப்போம். அது புற்றாக மாறியிருக்கலாம். தழும்பின் மேல் வருகிற புண், ஆறாத எந்தப் புண்ணும், நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் டாக்டர் கண்ணில் படட்டும்.

சரி, பெரியப்பாவிடம் திரும்புவோம்.

2018இல் இரண்டாவது முறை நானே பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உடன் போனேன். இந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. பெரியப்பா முகத்தை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு தாளை எடுத்து ஒரு முகம் வரைந்தார். எங்கே வெட்டுவோம் என்று சிவப்பு மையால் வட்டம் போட்டார். மூக்குமடலில் ஒரு பகுதி போய்விடும் என்று மறைக்காமல் சொன்னார். அதை மூட நெற்றித் தோலில் ஒரு பட்டையை எடுத்து, புருவத்தருகே இரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும்படி விட்டு, திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கில் தைப்போம் என்றார். மூன்று வாரம் அந்தப் பட்டை நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் தும்பிக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். புதிய இடத்தில் இரத்தம் ஓடிப் பழகிய பிறகு அதைத் துண்டித்துவிடுவோம். நெற்றியில் நேராக ஒரு தழும்பு நிற்கும் என்றார். எங்கள் பக்கத்து மிஸ்ஸி ஒருத்தி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முடித்துவிட்டு அந்த டாக்டர் "பாஹாம்?" என்று கேட்கவில்லை. "ஐயா, வீட்டுக்குப் போனால் உங்கள் மனைவி கேட்பார்கள் அல்லவா? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்? என்னிடம் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள், நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். பெரியப்பா திணறித் திணறிச் சொன்னார். மூன்று வாரம் என்பதை மூன்று நாள் என்று சொன்னார். டாக்டர் திருத்தினார். மறுபடி சொல்ல வைத்தார். "அப்ப மூணு வாரம் நான் பிள்ளையாரு" என்று பெரியப்பா சொன்னதும் மிஸ்ஸி சிரித்துவிட்டாள். மலாயில் சொன்னதும் டாக்டரும் சிரித்தார்.

எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடமே இது. மாதிரிப் பாடம் நடத்தும்போது "புரிந்ததா பிள்ளைகளே?" என்று கேட்டால் எங்கள் விரிவுரையாளருக்குக் கோபம் வந்துவிடும். "நீ கேட்டால் நாற்பது பேரும் 'புரிந்தது டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். எழுந்து சொல்லச் சொல், அப்போது தெரியும்" என்பார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அதைக் கடைப்பிடிக்கிறவள், என் பெரியப்பா 'பாஹாம்' என்று தலையாட்டியதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்று மாலை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தலையாட்டுவது நம் தோட்டத்துப் பழக்கம். துரையிடம் ஆட்டினோம், கிராணியிடம் ஆட்டினோம், டாக்டரிடமும் ஆட்டுகிறோம். "குறைந்த காசுக்குப் பார்க்கிறார்கள், இதில் கேள்வி வேறு கேட்பதா?" என்ற கூச்சமும் உண்டு. திருப்தியா என்று அவர்களே கேட்டாலும் "ரொம்ப நல்லது டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பேருந்தில் ஏறிய பிறகு வாய்விட்டுக் குறைபடுகிறவர்கள் நாம்.

அந்த நெற்றித்தோல் வைத்தியம் நமக்குப் புதிது அல்ல என்பதையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கு அறுபட்டார். ஓராண்டு கழித்துப் பூனா பக்கத்தில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்துக் கொடுத்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் வெளியானது. அதைப் பார்த்துப் பழகிய ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் அங்கே அதைச் செய்தார். இந்தக் கதையைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். மாட்டு வண்டிக்காரர் என்றதும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அறுவை நடந்தது. முதலாவதைவிட இது பல மடங்கு பெரியது. மரத்துப்போகும் ஊசி குத்தும்போது எரியும், நெஞ்சு கொஞ்சம் படபடக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எரிந்தபோது "சொன்னது மாதிரியே எரியுது" என்று பேசாமல் படுத்திருந்தாராம். மூன்று வாரமும் நெற்றியிலிருந்து தும்பிக்கை தொங்கிற்று. பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து இருபது நிமிடம், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், ஒரு நாள் இரவு கசிந்தது, பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்தார்கள், நின்றுவிட்டது. காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பக்கத்தில் வரவில்லை. புண் காய்ந்து பொருக்குக் கட்டக் கூடாது, வாசலின் பூசி ஈரமாக வைத்து மூடுங்கள் என்றார்கள்; "புண்ணுக்குக் காத்து வேணாமா?" என்று பெரியம்மா கேட்டார்கள், மிஸ்ஸி பொறுமையாக விளக்கினாள். ஈரமாக இருந்தால்தான் புதுத் தோல் சுலபமாக நகர்ந்து வந்து மூடுமாம். புகைத்தால் இரத்தக்குழாய் சுருங்கி ஒட்டிய தோல் செத்துப்போகும் என்றதால் ஐம்பது ஆண்டுச் சுருட்டை அந்த மூன்று வாரம் விட்டார். பிறகு மறுபடி தொடங்கிவிட்டார். அது வேறு கதை.

இப்போது கேட்டுப் பாருங்கள். முதல் டாக்டர் 4 சென்டிமீட்டரில், மடிப்புக்குள் மறைகிற தழும்பு கொடுத்தார். அவர்மேல் பெரியப்பாவுக்கு இன்றும் வருத்தம்தான். இரண்டாவது டாக்டர் நெற்றி நடுவில் ஒரு கோடும், ஒரு பக்கம் தடித்த மூக்கும் கொடுத்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போது "அந்த மகராசி" என்றுதான் தொடங்குவார். சொன்ன நாளில் போகிறார். விளிம்பெல்லாம் சுத்தம் என்ற முடிவை வாயால் கேட்டுவிட்டு வந்தார்.

நம் வீட்டில் யாருக்காவது இப்படி ஒன்று நேர்ந்தால் என்ன கேட்பது? ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும், என் முகத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மூடுவது நேர்த்தையலா, ஒட்டுத்தோலா, பக்கத்துத் தோலைத் திருப்பியா என்று கேளுங்கள். எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம், குனிந்து பாரம் தூக்கலாமா என்று கேளுங்கள். முகத்தில் தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள், காலில் என்றால் இரண்டு வாரம் ஆகலாம், செம்பனைக் குலை தூக்குகிறவர் அதற்கேற்ப விடுப்புக் கேட்க வேண்டும். சதையின் முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் வெட்கப்படாமல் "தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்கலாம். கூடப் போகிறவர் பத்து வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டாம். புற்று என்ற சொல்லை மொழிபெயர்க்கிற பாரத்தை ஒரு குழந்தை தலையில் வைக்கக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று திருப்பிச் சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். வீடு மாறினாலும் கைத்தொலைபேசி எண் மாறினாலும், மருத்துவமனை முகப்பில் சொல்லிப் பதிவை மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததற்கு என் பெரியப்பா மூக்கில் பாதியைக் கொடுத்தார்.

குறை இருந்தாலும் அதை அங்கேயே சொல்லுங்கள். தழும்பு உறுத்துகிறது, தடிக்கிறது, மூச்சு அடைக்கிறது என்றால் அதற்கும் வழிகள் உண்டு: சிலிகான் பட்டை ஒட்டுவது, ஊசி போடுவது, பிறகு ஒரு சின்ன அறுவையில் திருத்துவது. சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் எதுவும் நடக்காது.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு மறுபடி நாள் கொடுத்திருக்கிறார்கள். என் மகளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வாங்கி, அவரே கைப்பட மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி இது: "நெற்றி முடி மூக்கில் முளைக்கிறதே, சவரம் செய்யலாமா?" மற்ற இரண்டையும் எனக்குக் காட்டவில்லை, டாக்டரிடம்தான் கேட்பாராம்.